ஜெர்மன் ஒயின் என்றாலே இனிப்பா? டிரை ரீஸ்லிங்கைப் புரிந்துகொள்ள ஓர் எளிய வழி

ஒயின் பழக்கமுள்ள நாலு பேர் இருக்கும் இடத்தில் ஜெர்மன் ஒயிட் ஒயினைப் பற்றிப் பேச்செடுத்துப் பாருங்கள். "அதுவா, ஒரே இனிப்பு" என்று ஒருவர் கையை உதறுவார். அடுத்தவர், தான் குடித்தது பல் கூசுகிற புளிப்பு என்று அடித்துச் சொல்வார். மூன்றாமவர் இன்னும் ஒரு படி மேலே போவார். பாட்டிலில் டிரை என்று போட்டிருந்தது, ஆனால் பீச் பழ வாசனை அடித்தது, குடித்தபின் நாக்கு உலரவும் இல்லை, ஆகவே அது டிரை இல்லை என்று தீர்ப்பே எழுதிவிடுவார்.

மூவரும் பொய் சொல்லவில்லை. சர்க்கரை, புளிப்பு, துவர்ப்பு, வாசனை என்ற நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதுதான் சிக்கல். நான்கையும் தனித்தனியே பிரித்துவிட்டால், ஜெர்மனியின் டிரை ஒயிட் ஒயினைப் போலப் புதியவர்களுக்குச் சட்டென்று பிடிபடுகிற ஒயின் வேறு அதிகம் இல்லை என்பது என் எண்ணம். லேபிள் மட்டும் கொஞ்சம் மிரட்டும். அதையும் பார்த்துவிடலாம்.

சர்க்கரை எங்கே போகிறது?

திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று, ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. இதற்குப் பெயர் நொதித்தல். லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் 1 சதவீத ஆல்கஹால் உண்டாகும். இந்த ஒரு கணக்கை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பாட்டிலைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது இது உதவும்.

ஈஸ்ட் சர்க்கரையைக் கிட்டத்தட்ட முழுதும் தின்று தீர்த்துவிட்டால் கிடைப்பது டிரை ஒயின். ஒன்றிரண்டு கிராம் எப்போதும் மிஞ்சும். ஈஸ்ட்டால் தொட முடியாத சில சர்க்கரைகள் உண்டு. நாக்குக்கு அது தெரியாது. நடுவிலேயே நொதித்தலை நிறுத்தினால் தின்னாத பங்கு அப்படியே ஒயினில் தங்கும். அதை எஞ்சிய சர்க்கரை என்பார்கள். நிறுத்துவது எப்படி? தொட்டியை நன்றாகக் குளிரவைத்தால் ஈஸ்ட் மந்தமாகிவிடும். பிறகு அதை வடிகட்டி எடுத்துவிட்டு, மறுபடி கிளம்பாமல் இருக்கச் சிறிது சல்பர் டையாக்ஸைடு சேர்ப்பார்கள்.

ஆக, ஒயின் இனிக்குமா இனிக்காதா என்பதைப் பெரும்பாலும் தயாரிப்பாளர்தான் தீர்மானிக்கிறார். ஜெர்மனியின் நாஹ ஆற்றோரம் நீடர்ஹவுஸன் ஊரில் ஹெர்மன்ஸ்ஹோஹ்லே என்றொரு சரிவு இருக்கிறது. டோன்ஹாஃப் என்ற ஒயின் தயாரிப்புக் குடும்பம் அந்த ஒரே சரிவின் ரீஸ்லிங் திராட்சையிலிருந்து முழுக்க டிரையான ஒயினும் செய்கிறது, இனிப்பான ஒயினும் செய்கிறது. திராட்சை ஒன்று, மண் ஒன்று. ஈஸ்ட்டுக்கு எங்கே தடை போட்டார்கள் என்பதுதான் வித்தியாசம்.

இதுவரை பார்த்தது: டிரை என்பது சர்க்கரை தீர்ந்துபோன நிலை. ரீஸ்லிங் என்பது திராட்சையின் பெயர். ரீஸ்லிங் என்றாலே இனிப்பு என்று சொல்வதற்கு அடிப்படை எதுவும் இல்லை.

நாக்கு உலர்வது வேறு சங்கதி

ரெட் ஒயின் குடித்ததும் ஈறும் நாக்கும் இழுத்துப் பிடிப்பது போல இருக்கும். அது துவர்ப்பு. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற பொருளின் வேலை. ரெட் ஒயினில் சாறு தோலோடு ஊறிக் கிடப்பதால் டானின் ஏறுகிறது. ஒயிட் ஒயினில் பிழிந்த கையோடு தோலை ஒதுக்கிவிடுவதால் டானின் மிகக் குறைவு.

அதனால் வாய் உலர்கிறதா என்று பார்த்து ஒயிட் ஒயின் டிரையா இல்லையா என்று சொல்லவே முடியாது. நல்ல டிரை ரீஸ்லிங் குடித்தால் நேர் எதிராக எச்சில் ஊறும். துவர்ப்பின் கதை இத்தோடு முடிந்தது. இனி அதைப் பற்றிப் பேச வேண்டியதில்லை.

பானகத்துக் கணக்கு

சர்க்கரையும் புளிப்பும் ஒன்றை ஒன்று எப்படி மறைக்கின்றன என்பதற்கு நம் ஊர்த் திருவிழாவில் ஊற்றும் புளிப் பானகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொம்புத் தண்ணீரில் வெல்லத்தை மட்டும் கரைத்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது, திகட்டிவிடும். அதே அளவு வெல்லத்தோடு புளியைக் கரைத்து ஊற்றினால் மடமடவென்று குடிக்கலாம். வெல்லம் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. புளி வந்ததும் இனிப்பு அடங்கியது. இனிப்பு இருந்ததால் புளிப்பின் முனையும் மழுங்கியது.

இந்த உதாரணம் தற்செயலாகவே வெகு பொருத்தமாக அமைந்துவிட்டது. புளியின் புளிப்புக்கு முக்கியக் காரணம் டார்டாரிக் அமிலம். திராட்சையின் முதன்மை அமிலமும் அதேதான். பழ உலகத்தில் இந்த அமிலத்தை இவ்வளவு சேர்த்து வைப்பவை அபூர்வம். அந்தச் சிறு கூட்டத்தில் இவை இரண்டும் இருக்கின்றன. திராட்சையில் கூடவே மாலிக் அமிலமும் உண்டு. பச்சை ஆப்பிளைக் கடித்தால் பல்லில் சுரீரென்று படுவது அது.

சட்டம் எழுதியவர்களுக்கும் பானகத்தின் கணக்கு தெரிந்திருக்கிறது. ஜெர்மன் பாட்டிலில் டிரை என்பதற்கு 'ட்ரொக்கன்' என்று போட்டிருக்கும். அதைப் போட வேண்டுமென்றால் லிட்டருக்கு 4 கிராம் வரை எஞ்சிய சர்க்கரை இருக்கலாம் என்பது அடிப்படை விதி. ஆனால் ஒயினில் புளிப்பு போதிய அளவு இருந்தால் இந்த வரம்பு 9 கிராம் வரை உயரும். நிபந்தனை ஒன்றுதான்: சர்க்கரையின் அளவு அமிலத்தின் அளவைவிட 2 கிராமுக்கு மேல் கூடியிருக்கக் கூடாது.

எண்களை வைத்துப் பார்ப்போம். மோஸல் ஆற்றுப் பகுதியின் ரீஸ்லிங் ஒன்றில் லிட்டருக்கு 7.5 கிராம் அமிலம் இருக்கிறது. 2 கூட்டினால் 9.5. ஆனால் சட்டத்தின் உச்சவரம்பு 9. ஆக 9 கிராம் சர்க்கரை வரை வைத்துக்கொண்டு தாராளமாக ட்ரொக்கன் என்று போடலாம். தெற்கே பாடன் பகுதியில் கிராவ்புர்குண்டர் என்ற திராட்சையில் செய்த ஒயிட் ஒயின் ஒன்றில் அமிலம் 5.5 கிராம்தான் என்றால் அதற்கு 7.5 கிராமோடு சரி. அதே 9 கிராம் சர்க்கரை முதல் பாட்டிலில் டிரை, இரண்டாவதில் டிரை இல்லை. பார்க்க ஓரவஞ்சனை போல இருக்கும். குடித்துப் பார்த்தால் சட்டம் நாக்கின் பக்கம் நிற்பது தெரியும்.

டிரைக்கு அடுத்த படி 'ஹால்ப்ட்ரொக்கன்', பாதி டிரை. இதற்கு 12 கிராம் வரை. அமிலம் ஈடுகொடுத்தால் 18 வரை. அதற்கும் மேலே போனால் 45 கிராம் வரை 'லீப்லிஹ்', அதையும் தாண்டினால் 'ஸ்யூஸ்', அதாவது இனிப்பு. 'ஃபைன்ஹெர்ப்' என்று ஒரு சொல்லும் கடைகளில் அடிக்கடி கண்ணில் படும். இதற்குச் சட்டத்தில் எண் எதுவும் கிடையாது. பாதி டிரையோ அதைவிடக் கொஞ்சம் இனிப்பானதோ என்று எடுத்துக்கொள்ளலாம். பாதி என்ற சொல் விற்பனைக்கு ஆகாது என்பதால் தயாரிப்பாளர்களுக்கு இது வசதியாகப் போயிற்று.

ஒரு எச்சரிக்கை. நுரைக்கும் ஒயினான 'ஸெக்ட்' பாட்டிலிலும் ட்ரொக்கன் என்று இருக்கும். அங்கே கணக்கே வேறு. லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் சர்க்கரை இருக்கும் ஸெக்ட்டுக்குத்தான் அந்தப் பெயர். நாக்குக்கு அது தெளிவான இனிப்பு. ஸெக்ட்டில் டிரை வேண்டுமென்றால் 'புரூட்' என்று கேட்க வேண்டும். அதில் 12 கிராமுக்குக் கீழே இருக்கும். ஒரே நாட்டில், ஒரே அலமாரியில், ஒரே சொல்லுக்கு இரண்டு அளவுகோல். இதற்கு நியாயம் சொல்ல என்னால் முடியாது.

இதுவரை பார்த்தது: டிரை ஒயினில் சில கிராம் சர்க்கரை இருக்கலாம். அது நாக்குக்குத் தெரியாமல் புளிப்பு பார்த்துக்கொள்ளும். புளிப்பாக இருப்பதும் டிரையாக இருப்பதும் ஒன்றல்ல. இனிப்பு ஒயினில்கூடப் புளிப்பு தூக்கலாக இருக்கலாம்.

இவ்வளவு புளிப்பு எங்கிருந்து வருகிறது?

ரைன்காவ் பகுதியில் யோஹான்னிஸ்பெர்க் மாளிகையின் திராட்சைத் தோட்டத்தின் வழியாகப் பூமியின் 50ஆவது வடக்கு அட்சரேகை செல்கிறது. ஐரோப்பாவில் திராட்சை பழுப்பதற்கு ஏறத்தாழ எல்லை என்று நெடுங்காலம் கருதப்பட்ட இடம் அது. 1720இல் அந்த மாளிகைத் தோட்டத்தில் பெருமளவில் ரீஸ்லிங் நட்டார்கள். ரீஸ்லிங் என்ற பெயர் முதன்முதலாக எழுத்தில் கிடைப்பது அதற்கும் முன்பு, 1435இல், ரூஸல்ஸ்ஹைம் ஊரில் காட்ஸனெல்ன்போகன் பிரபுவின் கணக்குப் புத்தகத்தில். கொடி வாங்கிய செலவாக.

திராட்சை பழுக்கும்போது ஒரு பக்கம் சர்க்கரை ஏறும், இன்னொரு பக்கம் புளிப்பு இறங்கும். மாலிக் அமிலத்தைப் பழம் தன் சுவாசத்துக்கே செலவழித்துவிடுகிறது. வெப்பம் கூடக் கூட இந்தச் செலவும் வேகமாக நடக்கும். கடும் வெயில் காயும் நாடுகளில் சர்க்கரை குபுகுபுவென்று ஏறும்போது புளிப்பு காலியாகிவிடும். ஜெர்மனியில் ரீஸ்லிங் பெரும்பாலும் அக்டோபரில்தான் அறுவடைக்கு வருகிறது. பகலில் இளவெயில், இரவில் நல்ல குளிர். பழம் மெல்லப் பழுத்து வாசனையைச் சேர்த்துக்கொள்கிறது, அமிலமும் கையை விட்டுப் போவதில்லை.

ஆனால் இந்தக் குளிரில் பழுப்பதே பெரும்பாடு. அதனால்தான் நல்ல தோட்டங்கள் தெற்கு பார்த்த செங்குத்துச் சரிவுகளில் இருக்கின்றன. மோஸல் ஆற்றின் மேலே பிரெம் கிராமத்தில் கால்மோன்ட் என்ற சரிவு சில இடங்களில் 65 டிகிரி வரை சாய்ந்து நிற்கிறது. டிராக்டர் ஏறாது. மனிதர்கள் ஏறுவதே கஷ்டம். மலைச்சரிவில் தண்டவாளம் போட்டு, ஒற்றைக் கம்பியில் ஓடும் சிறு வண்டியில் ஆளையும் கூடையையும் ஏற்றுகிறார்கள். சாய்ந்த நிலத்தில் வெயில் நேராக விழுகிறது. கீழே ஆறு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறது. மண்ணாகக் கிடக்கும் கருஞ்சாம்பல் ஸ்லேட் கற்கள் பகல் சூட்டை வாங்கி வைத்து இரவில் விடுகின்றன. ஜெர்மன் ஒயின் விலையைப் பார்த்து முனகுகிறவர்கள் ஒருமுறை அந்தச் சரிவின் படத்தையாவது பார்க்க வேண்டும்.

சமீபத்திய பத்தாண்டுகளில் நிலைமை மாறியிருக்கிறது. பூமி சூடேறியதால் முன்பு அரைகுறையாகப் பழுத்த இடங்களில் இப்போது ஒழுங்காகப் பழுக்கிறது. டிரை ஜெர்மன் ஒயின் சப்பென்றும் வெறும் புளிப்பாகவும் இருந்த காலம் பெரும்பாலும் போய்விட்டது. "பல் கூசும் புளிப்பு" என்று சொன்னாரே, அந்த இரண்டாமவர் அநேகமாக அந்தக் காலத்து டிரை ஒயினைக் குடித்திருப்பார். சர்க்கரையை எடுத்துவிட்டு, பழுக்காத பழத்தின் அமிலத்தை மட்டும் கோப்பையில் ஊற்றினால் அப்படித்தான் இருக்கும்.

இனிப்பு என்ற பெயர் வந்த கதை

19ஆம் நூற்றாண்டில் ரைன் ஒயின்கள் லண்டன் வணிகர்களின் விலைப்பட்டியலில் பிரான்ஸின் போர்தோ ஒயின்களின் பெரிய பெயர்களுக்குப் பக்கத்தில் நின்றன. அவற்றில் பெரும்பாலானவை பெரிய மரப் பீப்பாய்களில் நெடுநாள் கிடந்து, சர்க்கரை பெருமளவு தீர்ந்தவை. இனிப்பு ஒயின் இருந்தது. அது அபூர்வமான வருடங்களில் கிடைத்த விலையுயர்ந்த சரக்கு.

20ஆம் நூற்றாண்டில் ஒரு கருவி வந்து நிலைமையை மாற்றியது. பாட் கிராய்ட்ஸ்னாக் நகரின் ஸைட்ஸ் நிறுவனம் செய்த நுண்வடிகட்டி, ஒயினிலிருந்து ஈஸ்ட்டை முழுதாக நீக்கக் கூடியது. ஈஸ்ட் இல்லாத ஒயினில் சர்க்கரை இருந்தாலும் பாட்டிலுக்குள் மறுபடி நொதிக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இது பரவலானது. நொதிக்காத திராட்சைச் சாற்றைத் தனியே எடுத்து வைத்து, டிரையான மலிவு ஒயினில் பாட்டிலில் அடைக்கும் முன் கலந்தார்கள். யார் வேண்டுமானாலும் எந்த வருடத்திலும் இனிப்பு ஒயின் செய்யலாம் என்றாகிவிட்டது.

அப்படித்தான் 'லீப்ஃபிராவ்மில்ஹ்' உலகம் சுற்றியது. பெயர் வோர்ம்ஸ் நகரின் லீப்ஃபிராவன் தேவாலயத்தைச் சுற்றியிருந்த சின்னத் தோட்டத்திலிருந்து வந்தது. பாட்டிலுக்குள் இருந்ததோ ரைன் பகுதி எங்கிருந்தும் வந்த சாதாரணத் திராட்சையின் லேசான இனிப்பு. 1970களிலும் 80களிலும் 'ப்ளூ நன்' என்ற லீப்ஃபிராவ்மில்ஹ் பிராண்டு பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் சக்கைப்போடு போட்டது. பலருக்கு அதுதான் முதல் ஒயின். "ஜெர்மன் என்றால் இனிப்பு" என்ற வாக்கியம் அங்கே பிறந்து, அந்த பாட்டில்கள் அலமாரியை விட்டுப் போனபிறகும் உயிரோடு இருக்கிறது.

ஜெர்மானியர்களே அதற்குள் திரும்பிவிட்டார்கள். 1980களில் சாப்பாட்டோடு குடிக்க டிரை வேண்டும் என்ற அலை எழுந்தது. ரைன்காவில் பெர்ன்ஹார்ட் பிராயர் போன்றவர்கள் 'கார்ட்டா' என்ற அமைப்பின் வழியாக டிரை ரீஸ்லிங்கை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று ஜெர்மனியில் தயாராகும் தர ஒயினில் ஏறத்தாழப் பாதி ட்ரொக்கன். ஏற்றுமதியில் போன பெயர் திரும்பி வரத்தான் நாளாகிறது.

லேபிளில் எதைப் படிப்பது, எதை விடுவது

புதியவர்களைக் கவிழ்ப்பது 'காபினெட்', 'ஷ்பேட்லேஸ', 'அவுஸ்லேஸ' என்ற வரிசை. இதற்குப் 'பிராடிகாட்' என்று பெயர். 1971ஆம் ஆண்டுச் சட்டம் இப்போதைய உருவத்தைத் தந்தது. இது ஒயினின் இனிப்பை அளக்கிறது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அறுவடை நேரத்தில் பழம் எவ்வளவு பழுத்திருந்தது என்பதைத்தான் அளக்கிறது.

அளவுகோலின் பெயர் 'எக்ஸ்ல'. ஃபோர்ட்ஸ்ஹைம் நகரைச் சேர்ந்த ஃபெர்டினாண்ட் எக்ஸ்லவின் பெயரால் வந்தது. ஒரு லிட்டர் தண்ணீரின் எடை 1000 கிராம். ஒரு லிட்டர் திராட்சைச் சாறு 1080 கிராம் இருந்தால் அது 80 எக்ஸ்ல. கூடுதல் எடை முக்கியமாகச் சர்க்கரை. 80 எக்ஸ்ல சாறு முழுதும் நொதித்தால் சுமார் 10.6 சதவீத ஆல்கஹால் வரும்.

இப்போது முதலில் சொன்ன 17 கிராம் கணக்கை எடுங்கள். 80 எக்ஸ்ல பழத்தில் செய்த மோஸல் காபினெட் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது. லேபிளில் 8 சதவீதம் என்று இருக்கிறது. 10.6 வந்திருக்க வேண்டியது 8இல் நின்றுவிட்டது. மீதி 2.6. அதை 17ஆல் பெருக்கினால் 44. அதாவது லிட்டருக்குச் சுமார் 44 கிராம் சர்க்கரை உள்ளே இருக்கிறது. மூடியைத் திறக்காமலே தெரிந்துகொண்டீர்கள்.

எக்ஸ்ல எண் லேபிளில் இருக்காது. பரவாயில்லை, ஆல்கஹால் எண் போதும். ஜெர்மன் ரீஸ்லிங்கில் 7 முதல் 9.5 வரை இருந்தால் இனிப்பு. 12 அல்லது அதற்கு மேல் இருந்தால் பெரும்பாலும் டிரை. நடுவில் இருப்பது இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்; அப்போது ட்ரொக்கன் என்ற சொல்லைத் தேடுங்கள். 'ஷ்பேட்லேஸ ட்ரொக்கன்' என்று சேர்ந்து வந்தால் நன்கு பழுத்த பழம், சர்க்கரை தீர நொதித்தது என்று பொருள்.

ஒரு கண்ணி இருக்கிறது. 'ட்ரொக்கன்பேரன்அவுஸ்லேஸ' என்ற நீளமான பெயரில் ட்ரொக்கனைப் பார்த்துவிட்டு டிரை என்று வாங்கிவிடாதீர்கள். அங்கே உலர்ந்திருப்பது பழம். கொடியிலேயே பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையை ஒவ்வொன்றாகப் பொறுக்கிச் செய்வது. ஜெர்மனியின் மிக இனிப்பான, மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று.

டிரை ஒயினின் உச்சிக்குத் தனிப் பெயர் 'குரோஸஸ் கெவெக்ஸ்'. சுருக்கமாக ஜிஜி. வி.டி.பி. என்ற தயாரிப்பாளர் சங்கம், 1910இல் தொடங்கியது, தன் உறுப்பினர்களின் மிகச் சிறந்த தோட்டங்களின் டிரை ஒயினுக்கு மட்டும் இதைத் தருகிறது. ஒயிட் ஒயின் என்றால் அறுவடைக்கு அடுத்த ஆண்டு செப்டம்பர் 1க்கு முன் விற்கக் கூடாது. சங்கத்தின் அடையாளம் மூடியில் இருக்கும்: மார்பில் திராட்சைக் குலை தாங்கிய கழுகு. இந்த உறுப்பினர்கள் காபினெட், ஷ்பேட்லேஸ போன்ற சொற்களை இனிப்பு வகைக்கென்றே ஒதுக்கிவிட்டதால், கழுகு போட்ட பாட்டிலில் குழப்பம் குறைவு. சங்கத்தின் தர வரிசையில் கீழ்ப்படியில் 'குட்ஸ்வைன்' (தோட்டக்காரரின் அடிப்படை ஒயின்), அதன் மேல் 'ஓர்ட்ஸ்வைன்' (ஊர்ப் பெயர் தாங்கியது), பிறகு தனித் தோட்டங்கள். ஆரம்பிக்கிறவர்கள் நேராக ஜிஜி வாங்குவது பணத்துக்குக் கேடு. நல்ல தயாரிப்பாளர் ஒருவரின் குட்ஸ்வைன் ட்ரொக்கன், பத்து யூரோ சுற்றுவட்டாரத்தில் கிடைப்பது, பாடத்துக்குப் போதும்.

இதுவரை பார்த்தது: பிராடிகாட் பழத்தைப் பற்றிப் பேசுகிறது, ட்ரொக்கன் என்பது பாட்டிலுக்குள் இருப்பதைப் பற்றி. சந்தேகம் வந்தால் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள்.

கோப்பை கைக்கு வந்ததும்

ஐஸ் போலக் குளிரவைக்காதீர்கள். 8 முதல் 10 டிகிரி போதும். ஜிஜியாக இருந்தால் 12 வரை போகலாம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணி நேரம் மேசையில் வைத்தால் சரியாக இருக்கும். அதிகக் குளிரில் வாசனை எழும்பாது, புளிப்பு மட்டும் முள்ளாகக் குத்தும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம்; மேலே காலியாக இருக்கும் இடத்தில்தான் வாசனை சேரும்.

முகர்ந்து பாருங்கள். எலுமிச்சைத் தோல், பச்சை ஆப்பிள், வெண்ணிறப் பீச், சில சமயம் நனைந்த கல். இப்போது மூக்கை இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். பீச் காணாமல் போயிருக்கும். மிஞ்சியிருப்பது புளிப்பும், ஆல்கஹாலின் மெல்லிய சூடும், சில சமயம் ஓரத்தில் ஒரு உப்புத்தன்மையும். இனிப்பு இருக்கிறதா என்று நாக்கைக் கேளுங்கள். இல்லை என்றே சொல்லும். மூக்கை விடுங்கள், பீச் திரும்பி வரும். கூடவே இனிப்பது போல ஒரு பிரமையும் வரும். பீச் வாசனையை வாழ்நாள் முழுக்க இனிப்போடு சேர்த்தே அனுபவித்த மூளை கணக்குப் போட்டுக்கொள்கிறது. நமது மூன்றாமவர் ஏமாந்தது இங்கேதான்.

விழுங்கியபின் உடனே அடுத்த வாய்க்குப் போகாமல் கொஞ்சம் பொறுங்கள். கன்னத்தின் உட்பக்கத்திலும் நாக்கின் அடியிலும் எச்சில் ஊறுவது தெரியும். அது அமிலத்தின் அளவுகோல். எவ்வளவு நேரம் சுவை நிற்கிறது என்று கவனியுங்கள். சாதாரண ஒயின் சட்டென்று மறையும். நல்லது, எலுமிச்சைத் தோலின் இலேசான கசப்போடு நின்று மெல்லத்தான் விலகும். புளிப்பு கத்தி போல முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் அது நல்ல டிரை ரீஸ்லிங் இல்லை. முதுகெலும்பு உள்ளே இருக்க வேண்டும், வெளியே தெரியக் கூடாது.

சில விஷயங்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சில வருடம் ஆன ரீஸ்லிங்கில் பெட்ரோல் பங்க் வாசனை மெலிதாக அடிக்கலாம். பழத்தில் இருந்த கரோட்டின் வகைப் பொருள்கள் காலப்போக்கில் சிதைந்து உண்டாகும் மணம் அது. நல்ல வெயில் பட்ட பழத்தில் கூடுதலாக வரும். பிடித்துப்போனவர்கள் அதற்காகவே பழைய பாட்டிலைத் தேடுகிறார்கள். எனக்கு அளவோடு இருந்தால் பிடிக்கும். பாட்டிலின் அடியில் கண்ணாடித் தூள் போலப் படிகங்கள் கிடக்கலாம். டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து குளிரில் படிந்த உப்பு, கெடுதல் இல்லை. திருகு மூடி மலிவின் அடையாளமும் அல்ல.

ரீஸ்லிங் மட்டும்தானா?

இல்லை. ஃபிராங்கன் பகுதியின் சில்வானரைத் தவறவிடாதீர்கள். 1659இல் கஸ்டெல் ஊரில் நட்ட கொடியிலிருந்து ஜெர்மனியில் இதன் வரலாறு தொடங்குகிறது. 'போக்ஸ்பாய்ட்டல்' என்ற தட்டையான உருண்டை பாட்டிலில் வரும், கடையில் தேட வேண்டியதே இல்லை. உலகம் இனிப்பு இனிப்பு என்று அலைந்த காலத்திலும் அந்தப் பகுதிக்காரர்கள் டிரையிலேயே பிடிவாதமாக நின்றார்கள். ரீஸ்லிங் போல வாசனையால் கூவி அழைக்காது. பேரிக்காய், வைக்கோல், கொஞ்சம் மண். புளிப்பும் மிதம். வசந்தத்தில் வெள்ளை அஸ்பராகஸ் வந்ததும் ஜெர்மன் வீடுகளில் உருகிய வெண்ணெயோடு அதை வைத்து, பக்கத்தில் சில்வானரைத் திறப்பார்கள். அந்தப் பருவம் ஜூன் 24ஓடு முடியும்.

தெற்கே பாடனிலும் ஃபால்ஸிலும் வைஸ்புர்குண்டர், கிராவ்புர்குண்டர் என்ற இரண்டும் டிரையாகக் கிடைக்கும். புளிப்புக்குப் பயப்படுகிறவர்களுக்கு நல்ல வாசல். அதற்கு மேல் சொல்ல அதிகம் இல்லை. ரீஸ்லிங்கிலேயே மோஸல் மெல்லியது, கூர்மையானது. ஃபால்ஸில் வெயில் அதிகம், ஒயினும் சதைப்பிடிப்பானது. முதல் டிரை ரீஸ்லிங்குக்கு நான் ஃபால்ஸைத்தான் சொல்வேன்.

சாப்பாட்டோடு

டிரை ரீஸ்லிங்கின் புளிப்பு எண்ணெயையும் வெண்ணெயையும் வெட்டும். பன்றி இறைச்சி வறுவல், ஆற்று மீன், ஆட்டுப்பால் சீஸ், உருளைக்கிழங்குப் பொரியல் எல்லாம் பொருந்தும். நம் சாப்பாட்டுக்கு ரீஸ்லிங் அருமை என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறார்களே, அதில் ஒரு திருத்தம் வேண்டும். ஆல்கஹால் மிளகாயின் எரிச்சலைக் கூட்டும். 13 சதவீத டிரை ரீஸ்லிங்கைக் காரக் குழம்போடு குடித்தால் வாய் எரியும், ஒயின் வெறும் புளித் தண்ணீராகத் தெரியும். தேங்காய்ப்பால் ஊற்றிய மீன் சொதிக்கோ மிளகு குறைவான இறால் வதக்கலுக்கோ டிரை பொருந்தும். மிளகாய் தூக்கலான இடத்தில் எஞ்சிய சர்க்கரையும் குறைந்த ஆல்கஹாலும் உள்ள காபினெட்தான் சரி.

பழகிப் பார்க்க விரும்பினால் இரண்டு பாட்டில் வாங்குங்கள்: ஃபால்ஸ் குட்ஸ்வைன் ட்ரொக்கன் ஒன்று, 8 சதவீத மோஸல் காபினெட் ஒன்று. டிரையை முதலில் ஊற்றுங்கள். வரிசை மாறினால் இனிப்புக்குப் பின் வரும் டிரை, பாவம், காடியாகத் தோன்றும். இரண்டையும் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு முறை, விட்டு ஒரு முறை குடித்துப் பாருங்கள். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நான்கு நாள் தாங்கும். டிரை பாட்டில் பெரும்பாலும் இரண்டாம் நாள் இன்னும் நன்றாகவே இருக்கும்.